பையனை டார்ம் லீடர் ஆக்கிட்டாங்க, கையில ஒரு நோட்டும் குடுத்திருக்காங்க. சந்தோஷப்படறதா பயப்படறதா தெரியல

பேர்ணாம்பட்டு அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு பேர்ணாம்பட்டு. பெரியவன் பிளஸ் ஒன், வேலூர் பக்கத்துல ஒரு ஹாஸ்டல் ஸ்கூல்ல படிக்கிறான், ஸ்கூல் பேரு வேணாம் தயவுசெஞ்சு யாரும் கேக்காதீங்க. ஆறாங்கிளாஸ்ல இருந்து அங்கதான். இந்த ஜூன்ல அவன டார்ம் லீடர் ஆக்கிட்டாங்க, டார்ம்னா பசங்க சேந்து படுக்கற ஹால். ஆறு ஏழு எட்டு படிக்கிற 42 பசங்க இவன் பொறுப்பு. அவரு ஆம்பூர்ல ஷூ கம்பெனியில வேலை, அங்க எல்லாருக்கும் சொல்லி ஸ்வீட் வாங்கிக் குடுத்தாரு.

போன ஞாயித்துக்கிழமை விசிட்டிங். முறுக்கு டப்பாவ வெக்கலாம்னு அவன் ட்ரங்க் பெட்டிய தொறந்தா ஒரு நீட்டு நோட்டு. ஸ்கேல் வெச்சு கோடு போட்டு நாலு கட்டம், தேதி, பேரு, குற்றம், தண்டனை. அழகா எழுதிருக்கான், அவன் கணக்கு நோட்டு கூட அவ்ளோ சுத்தமா இருக்காது. "ப்ரேயருக்கு லேட், கிரவுண்ட் 2 ரவுண்டு." "லைட் ஆஃப் ஆனப்புறம் பேச்சு, முட்டி 30 நிமிஷம்." "எதுத்துப் பேசினான், புதன் முட்டை கட்." இப்டியே பக்கம் பக்கமா.

நான் படிச்சிகினு இருக்கும்போதே ஒரு பொடிப்பையன், ஆறாங்கிளாஸ் இருக்கும், கட்டில் பக்கம் வந்து கைய கட்டிகினு நின்னான். "அண்ணா"ன்னான். என் பையன் தலைய கூட தூக்கல. ஒரு விரல தூக்கி இப்டி ஆட்டினான், அந்தப் புள்ள போயிட்டான். என் பையன் வீட்ல தம்பிகிட்ட ரிமோட் கேக்கவே கெஞ்சுறவன். அந்த விரல் தான் ஒரு வாரமா கண்ணுலயே நிக்குது.

வார்டன் கிட்ட பேசினேன், "உங்க பையன் இல்லன்னா அந்த டார்மே ஓடாதும்மா"ன்னாரு. பெருமையா தான் இருந்துச்சு பொய் சொல்ல மாட்டேன். ஹாஸ்டல்ல படிச்சவங்க சொல்லுங்க, இது சாதாரணமா? விட்டுடலாமா?

பாலாத்து மணல்:
அக்கா இதுல பயப்பட இன்னா கீது. நான் 90கள்ல ஏழு வருஷம் ஹாஸ்டல், அப்போ ஜில்லா பேரே வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். காலையில 5 மணிக்கு பெல் அடிச்சா எழுந்துக்கணும் இல்லன்னா லீடர் அண்ணன் பக்கெட் தண்ணி மூஞ்சில, ஜனவரி மாசம் வேலூர் குளிர் எப்டி இருக்கும்னு தெரியும்ல, ஆனா அதனால தான் இன்னிக்கும் அலாரம் இல்லாம எழுந்துக்கிறேன், சட்டைய நானே தோச்சுப்பேன், யார்கிட்ட எப்டி பேசணும்னு தெரியும், இப்ப இருக்கிற பசங்களுக்கு எதுவும் சொல்லக்கூடாது உடனே டிப்ரஷன் அது இதுன்னு ஆரம்பிச்சிடுவாங்க. உங்க பையன் 42 பேர மேய்க்கிறான்னா நாளைக்கு கம்பெனியே மேய்ப்பான். நோட்டுல எழுதுறான்னா ஒழுங்கா தான் செய்றான்னு அர்த்தம். எங்க லீடருங்க எழுதவெல்லாம் மாட்டாங்க, நேரா பெல்ட்டு தான்.

சதுப்பேரிகாரன்:
மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம். முட்டை கட்டா??? அந்த முட்டைக்கு பெத்தவங்க மெஸ் பீஸ் கட்டிருக்காங்க. அத கட் பண்ண ஒரு பிளஸ் ஒன் பையனுக்கு யாரு அதிகாரம் குடுத்தது?

அக்கா உங்க பையன்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. கட் பண்ண முட்டை யார் தட்டுக்கு போச்சு?

நைட் டியூட்டி:
நான் திருப்பத்தூர் பக்கம் ஒரு ஸ்கூல்ல டெபுடி வார்டன், 11 வருஷம் ஆச்சு. இந்த இழைய பாத்துட்டு பேசாம போகலாம்னு தான் நெனச்சேன்.

உள்ள இருந்து சொல்றேன். எங்க ஹாஸ்டல்ல 160 பசங்க. நாங்க ரெண்டு பேரு, அதுல ஒருத்தர் பகல்ல கணக்கு வாத்தியார், ராத்திரி வார்டன். வாட்ச்மேன் கேட்டுக்கு. இவ்ளோ தான். காலையில அஞ்சுக்கு எழுப்பணும், குளிக்க வரிசை, கோடையில மோட்டார் ஓடாத நாள்னா ஒரு ஆளுக்கு ஒரு பக்கெட் கணக்கு பாத்து விடணும், ஆறு மணிக்கு ஸ்டடி, டிபன், ரோல் கால், சாயந்திரம் விளையாட்டு, திரும்ப ஸ்டடி, 9.30க்கு லைட் ஆஃப். நடுவுல ஒருத்தனுக்கு ஜுரம், ஒருத்தன் சுவத்த தாண்டுறான், ஒருத்தன் அழுவுறான். ரெண்டு பேரால முடியுமா? முடியாது. அதனால தான் லீடர். நாங்க லீடர்ஷிப் ட்ரெயினிங்னு பேரு வெச்சு ப்ராஸ்பெக்டஸ்ல போட்டுடுவோம், உண்மையில சம்பளம் இல்லாத வார்டன் அவன்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். அடிக்கறது எங்களுக்கு தெரியாதுன்னு எந்த வார்டன் சொன்னாலும் நம்பாதீங்க. ராத்திரி ஒரு டார்ம் ரொம்ப அமைதியா இருந்தா எங்களுக்கு நிம்மதி. ஏன் அமைதியா இருக்குன்னு போய் பாக்க மாட்டோம்.

காட்பாடி ஜங்ஷன்:
நைட் டியூட்டி சார், கடைசி வரிக்கு நன்றி. எவ்ளோ வருஷம் கழிச்சு ஒரு வார்டன் வாயால கேக்கறேன்.

நான் அந்த "அண்ணா"ன்னு கைய கட்டிகினு நின்ன பொடியன். வேற ஸ்கூல், வேற வருஷம். எங்களுக்கு தண்டனை வராண்டா ஓரத்துல ஜல்லி மேல முட்டி. ஏப்ரல் கடைசியில வேலூர் வெயில் எப்டின்னு யாருக்கும் சொல்ல வேண்டாம், அதுல மத்தியானம் ஒண்ணரை மணிக்கு. வலி கொஞ்ச நேரத்துல மரத்துடும், எழுந்தப்புறம் முட்டியில ஒட்டிகினு இருக்கிற ஜல்லிய ஒண்ணொண்ணா நகத்தால எடுக்கணும் பாருங்க, குழி குழியா இருக்கும், அப்போ தான் அழுகை வரும். என்ன தப்பு பண்ணேன்னு ஞாபகமே இல்ல, நெஜமா. லீடர் போட்டிருந்த செருப்பு ஞாபகம் இருக்கு, ப்ரௌன் கலர், வார் அறுந்து ஊக்கு குத்தி வெச்சிருப்பான்.

மூணு வருஷம் முன்ன காட்பாடி ஸ்டேஷன் ரெண்டாவது பிளாட்ஃபார்ம்ல அவன பாத்தேன். அவனே தான் ஓடி வந்தான். "டேய் எப்டிடா கீற, எவ்ளோ ஜாலியா இருந்துச்சில்ல ஹாஸ்டலு"ன்னு கட்டிப்புடிச்சான். டீ வாங்கிக் குடுத்தான். நடிக்கல, அவனுக்கு சத்தியமா ஞாபகம் இல்ல. நான் என்ன பண்ணேன் தெரியுமா, அந்த டீய குடிச்சேன், "ஆமாண்ணா"ன்னேன். 34 வயசுல "ஆமாண்ணா".

பாலாத்து மணல் அண்ணாத்த, நீங்க அலாரம் இல்லாம எழுந்துக்கறீங்க சரி. நான் இன்னிக்கும் யாராவது பின்னாடி வேகமா நடந்து வந்தா நின்னு வழி விட்டுடறேன்.

பாலாத்து மணல்:
தம்பி உனக்கு நடந்தது தப்பு தான், இல்லன்னு சொல்லல. ஆனா ஒரு சைக்கோ லீடருக்காக சிஸ்டமே தப்புன்னா எப்டி. மிலிட்டரில இல்லையா.

சதுப்பேரிகாரன்:
ஆறாங்கிளாஸ் படிக்கிறவன் மிலிட்டரில சேரலண்ணா. அவங்கம்மா டாட்டா காட்டிட்டு போயிருக்காங்க அவ்ளோ தான்.

அப்புறம் உங்க பையன எந்த ஹாஸ்டல்ல விட்டிருக்கீங்க?

பாலாத்து மணல்:
டே ஸ்காலர். அவங்கம்மா விடல.

சதுப்பேரிகாரன்:
😂😂 சரி சரி

ரிட்டயர்டு தமிழய்யா:
இதையெல்லாம் ஏதோ வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம்னு நினைச்சுக்காதீங்க, நம்ம ஊர் பழக்கமும் தான். திண்ணைப் பள்ளிக்கூடத்துல சட்டாம்பிள்ளைன்னு ஒருத்தன் இருப்பான். வாத்தியாருக்கு அடுத்த ஆள். சின்னப் பசங்களுக்கு மணல்ல எழுத்து சொல்லித் தர்றது, பாடம் ஒப்பிக்க வைக்கிறது, வராதவன வீட்டுக்குப் போய் தூக்கிட்டு வர்றது எல்லாம் அவன் வேலை. கோதண்டம்னு ஒரு தண்டனை, உத்தரத்துல கயிறு கட்டி அதப் பிடிச்சு தொங்கணும். இன்னைக்கும் யாராவது அதிகாரம் பண்ணா "பெரிய சட்டாம்பிள்ளை மாதிரி"ன்னு சொல்றோமே, அந்தக் கசப்பு அங்கிருந்து வந்தது தான். நல்ல அர்த்தத்துல அந்த வார்த்தைய யாரும் சொல்லிக் கேட்டதில்ல.

1789ல மெட்ராஸ்ல எழும்பூர் பக்கம் வெள்ளைக்கார சிப்பாய்ங்களோட அநாதைப் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம், அதுக்கு பொறுப்பா ஆண்ட்ரூ பெல்னு ஒரு பாதிரியார் வந்தார். வாத்தியாருங்க பத்தல, இருந்தவங்களும் புதுசா எதையும் செய்ய மாட்டேன்னுட்டாங்க. நம்ம ஊர் பிள்ளைங்க மணல்ல விரலால எழுதுறதப் பாத்துட்டு அதே மாதிரி பெரிய பிள்ளைங்கள வெச்சே சின்னவங்களுக்கு சொல்லிக் கொடுத்தார். ஊருக்குத் திரும்பி 1797ல அதப் பத்தி அச்சடிச்சார், மெட்ராஸ் சிஸ்டம்னே பேரு, இங்கிலாந்து பூரா பரவுச்சு. வேடிக்கை என்னன்னா நம்ம அம்மா சொல்ற நோட்டு மாதிரியே அவரும் ஒரு கறுப்பு புஸ்தகம் வெச்சிருந்தார். தப்பு அதுல பதிவாகும். ஆனா எழுதினவனே தண்டனை குடுக்கறதில்ல. வாரம் ஒரு தடவ எல்லார் முன்னாடியும் படிச்சு, பிள்ளைங்களே ஜூரி மாதிரி உக்காந்து தீர்ப்பு சொல்லணும்.

நாம இன்னைக்கு ஹாஸ்டல்ல வெச்சிருக்கறது பெல் சிஸ்டம் இல்ல. அது 1828க்கு அப்புறம் இங்கிலாந்துல ரக்பின்ற ஊர் ஸ்கூல்ல தாமஸ் ஆர்னால்டு ஹெட்மாஸ்டரா இருந்தப்போ பலப்படுத்தினது, மேல் வகுப்பு பசங்க கையிலயே ஒழுக்கத்தையும் பிரம்பையும் சேர்த்து குடுத்த முறை. பிரிஃபெக்ட், ஹவுஸ் கேப்டன் எல்லாம் அந்த வழி வந்தது. பெல்லோட பையன் சொல்லித் தந்தான். ஆர்னால்டோட பையன் ஆண்டான். நாம சட்டாம்பிள்ளையோட அதிகாரத்த மட்டும் வெச்சுகிட்டு அவன் சொல்லித் தந்த எழுத்த விட்டுட்டோம்.

சதுப்பேரிகாரன்:
ஐயா சூப்பர். நம்ம வேலூருக்கே ஒரு பேச்சு உண்டே, தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்னு. சாமி கூட 1981ல ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு திரும்பி வந்துட்டாரு. வார்டன் தான் இன்னும் டார்முக்கு வரல.

ரெட்டசடை:
எல்லாரும் பசங்க ஹாஸ்டல் பத்தியே பேசறீங்க. நான் கேர்ள்ஸ் ஹாஸ்டல்ல லீடரா இருந்தவ. நாங்க யாரையும் அடிக்கல, முட்டி போட வெக்கல. அதனால எங்களுக்கு மார்க் போட்டுடாதீங்க.

எங்க ஸ்கூல்ல ரெட்ட சடை, மடிச்சு ரிப்பன் கட்டணும், ரூல். ஆறாவது ஏழாவது பிள்ளைங்களுக்கு தனக்கு தானே பின்னிக்க வராது, அதனால காலையில ரயில் பொட்டி மாதிரி ஒருத்திக்கு பின்னாடி ஒருத்தி உக்காந்து பின்னி விடுவோம். ஒரு பொண்ணு வார்டன் கிட்ட எங்கள பத்தி போட்டுக்குடுத்துட்டா, நைட்ல மொட்டை மாடி போனோம்னு. நான் எதுவுமே சொல்லல. "இவகிட்ட யாரும் பேச வேணாம்"னு மட்டும் சொன்னேன். ஒரு வாரம்.

மறுநாள் காலையில அந்த ரயில்ல அவளுக்கு பின்னாடி யாரும் உக்காரல. அவளே பின்னிகினா. ஒண்ணு காதுக்கு மேல, ஒண்ணு கழுத்துக்கிட்ட, நடுவுல வகிடு கோணலா. அசெம்பிளில மிஸ் அவள வெளிய கூப்பிட்டு தலை ஒழுங்கா வாரலன்னு நிக்க வெச்சாங்க. தினமும். ஆறு நாள். மிஸ்ஸுக்கு ஏன்னு தெரியாது, தெரிஞ்சவங்க 90 பேரு அங்க நின்னுகினு இருந்தோம்.

எனக்கு அப்போ வயசு பதினாறு. சத்தியமா சொல்றேன், எனக்கு அது தண்டனைன்னே தோணல, நான் யாரையும் தொடவே இல்லையேன்னு இருந்தேன். வருஷக் கடைசியில பெஸ்ட் லீடர் கப்பு வேற குடுத்தாங்க. அம்மா வீட்டு ஷோகேஸ்ல இன்னும் இருக்கு, துடைச்சு வெக்கறாங்க. நான் அந்தப் பக்கம் பாக்கறதில்ல.

பேர்ணாம்பட்டு அம்மா, உங்க பையன் கெட்டவன் இல்ல. அந்த விரல் அவனுக்கே தெரியாம ஆடுற விரல்.

காட்பாடி ஜங்ஷன்:
அந்தப் பொண்ண அப்புறம் பாத்தீங்களா

ரெட்டசடை:
இல்ல. அடுத்த வருஷம் டிசி வாங்கிட்டா. பேஸ்புக்ல தேடினேன், கெடச்சா, ரிக்வெஸ்ட் அனுப்பல.

கோர்ட்டு வாசல்:
சத்துவாச்சாரி கோர்ட்ல ப்ராக்டிஸ். சட்டம் என்ன சொல்லுதுன்னு சுருக்கமா போடறேன், ஏன்னா நிறைய பேர் இது ஸ்கூலோட உள் விஷயம்னு நினைக்கறாங்க.

2009 கல்வி உரிமைச் சட்டம் 17வது பிரிவு, உடம்புல தண்டனையும் கூடாது மனசு நோக வெக்கறதும் கூடாது. அது 6 வயசுல இருந்து 14 வரைக்கும், அதாவது இந்த அம்மா சொல்ற டார்ம் பசங்க கிட்டத்தட்ட எல்லாருமே. அப்புறம் தமிழ்நாட்டுல 1997ல வந்த ராகிங் தடைச் சட்டம். 1996ல சிதம்பரத்துல ஒரு மெடிக்கல் ஸ்டூடன்ட்ட சீனியர் கொன்ன கேஸுக்கு அப்புறம் வந்தது. காலேஜுக்கு மட்டும்னு நினைச்சுகினு இருக்காங்க, சட்டத்துல கல்வி நிறுவனம்னு தான் இருக்கு. பயம், அவமானம், கூச்சம் வர்ற மாதிரி செஞ்சா ராகிங். ஒரு மாணவன் தானா இஷ்டப்பட்டு செய்யாத ஒண்ண செய்யச் சொன்னாலே ராகிங். துணி தோய்க்கச் சொல்றது இதுல வரும். ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், பத்தாயிரம் வரைக்கும் அபராதம், டிஸ்மிஸ். புகார் வந்தும் ஹெட்மாஸ்டர் விசாரிக்காம விட்டா அவரும் உடந்தை.

எல்லாத்தையும் விட முக்கியம், 16 வயசு லீடரும் சட்டத்துக்கு முன்னாடி குழந்தை தான். அவன் தப்பா ஏதாவது செஞ்சுட்டா சிறார் நீதி வாரியத்துக்கு போய் நிக்கப்போறது அவன். நோட்டு குடுத்தவரு "எனக்கு தெரியாது சார்"னு சொல்லிட்டு போயிடுவாரு. அவரையும் விடக்கூடாதுன்னு தான் 2015 சிறார் நீதிச் சட்டத்துல 75வது பிரிவு இருக்கு, குழந்தை யாரோட பொறுப்புல இருக்கோ அவங்க செய்ற கொடுமைக்கு மட்டும் இல்ல, செய்ய விடறதுக்கும் சேர்த்து.

அந்த நோட்டு ஸ்கூலுக்கு எதிரான சாட்சின்னு நினைக்காதீங்கம்மா, உங்க பையன் கையெழுத்துல இருக்கு. உடனே பேசுங்க. ஹெட்மாஸ்டர் காது குடுக்கலன்னா குழந்தைங்க ஹெல்ப்லைன் 1098, இல்ல ஸ்கூல் கல்வித்துறை ஹெல்ப்லைன் 14417.

பாலாத்து மணல்:
வக்கீல் சார், எல்லாத்துக்கும் சட்டம்னா அப்புறம் 160 பசங்கள ரெண்டு பேரு எப்டி சமாளிப்பாங்க. லீடரே வேணாமா? நைட் டியூட்டி சார் நீங்களே சொல்லுங்க.

ஜவ்வாது காத்து:
நடுவுல நான் வரலாமா. ஜவ்வாது மலையில, ஜமுனாமரத்தூர் பக்கம், உண்டு உறைவிடப் பள்ளியில டீச்சரா இருந்தேன். அங்கயும் லீடர் உண்டு, லீடர் இல்லாம முடியாது, அதுல பாலாத்து மணல் சொல்றது சரி.

எங்க பிரச்சனை வேற. பொங்கலுக்கு வீட்டுக்கு போன பசங்க திரும்பி வர மாட்டாங்க. சாமை அறுப்பு நேரம்னா காட்டுக்கு போயிடுவாங்க. யாரு எந்த ஊரு, யாரு வீட்ல இன்னா நிலைமை, எங்களுக்கு தெரியாது, பெரிய பசங்களுக்கு தான் தெரியும். ஒரு பையன் இருந்தான், ஒன்பதாவது, படிப்பு சுமார். அவன தான் லீடர் ஆக்கினோம். அவன்கிட்டயும் ஒரு நோட்டு இருந்துச்சு, நாப்பது பக்கம். அதுல என்ன எழுதுவான்னா "இவன் ரெண்டு நாளா சோத்த மிச்சம் வெக்கறான்." "இவன் தூக்கத்துல அம்மான்றான்." "இவனுக்கு ராவுல இழுப்பு, ஜன்னல் கிட்ட படுக்க வெக்கல." "இவன் போர்வை இல்ல, என்துல படுத்தான்." தெனமும் காலையில எங்கிட்ட குடுப்பான். நாலு வரி தான். அந்த நோட்டால ஒரு புள்ளைக்கு ஆஸ்பத்திரி போக முடிஞ்சுது, நாங்க பாத்திருந்தா சளின்னு விட்டிருப்போம்.

அவன் ஒருத்தனையும் தண்டிச்சதில்ல. தண்டிக்க முடியாதுன்னு எல்லாருக்கும் தெரியும், அதனால எல்லாரும் அவன்கிட்ட எல்லாத்தையும் சொல்லுவாங்க. தண்டனை குடுக்கற ஆள்கிட்ட எவன் வந்து தன் வயித்துவலிய சொல்லுவான்?

நைட் டியூட்டி:
டீச்சர், இந்த "தண்டனை" கட்டத்த எடுத்துட்டா லீடர் பேச்ச எவனும் கேக்க மாட்டான்னு தான் நான் இத்தன வருஷமா நெனச்சுகினு இருந்தேன். எங்க டார்ம்ல போன வருஷம் ஒரு பையன் மூணு நாள் ஜுரத்த மறைச்சான். ஏண்டான்னு கேட்டா "லீடர் நடிக்கறேன்னு எழுதிடுவாரு சார்"னான். அப்பவே புரிஞ்சிருக்கணும் எனக்கு.

பேர்ணாம்பட்டு அம்மா:
எல்லாருக்கும் நன்றி, நடுவுல பதில் போடல, அழுதுகினு இருந்தேன். நேத்து அவரும் நானும் போயிட்டு வந்தோம். விசிட்டிங் நாள் இல்ல, கேட்ல அவரு கொஞ்சம் சத்தம் போட வேண்டியதாயிடுச்சு.

முட்டை கேள்விய கேட்டேன். சதுப்பேரிகாரன் தம்பி நெனச்சது சரி. கட் ஆன முட்டை லீடர்ங்க டேபிளுக்கு வருமாம். அஞ்சு டார்ம், அஞ்சு லீடர், "சில புதன்கிழமை மூணு நாலு வரும்மா"ன்னான். சொல்லும்போது மூஞ்ச பாக்கல.

அப்புறம் தான் அவன் வாயத் தொறந்தான். நான் நெனச்ச மாதிரியே இல்ல கதை. ராத்திரி பத்து மணிக்கு வார்டன் ரூம்ல எல்லா லீடரும் நோட்ட காட்டணுமாம். "இன்னிக்கு எத்தன பேரு"ன்னு கேப்பாராம். ஒரு நாள் யாருமே தப்பு பண்ணலன்னு இவன் வெறும் பக்கத்த காட்டினதுக்கு "அப்போ நீ தூங்கிகினு இருந்தியா"ன்னு எல்லார் முன்னாடியும் திட்டி வெளிய நிக்க வெச்சாராம். அதுலருந்து தெனமும் மூணு பேரு எழுதிடறான். தப்பு பண்ணாங்களோ இல்லையோ. யார எழுதறதுன்னு தெரியாம, கடைசியில ரோல் நம்பர் வரிசையில எழுத ஆரம்பிச்சானாம். 42 பேரு, தெனம் மூணு, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ எல்லாருக்கும் வரும். "ஒருத்தனுக்கே திரும்பத் திரும்ப வரக்கூடாதில்லம்மா, அதான்"னான். நியாயமா இருக்கானாம் அவன்.

அந்தப் பொடியன் ஏன் வந்து நின்னான்னு கேட்டேன். மறுநாள் அவன் நம்பராம். அன்னிக்கு சாயந்திரம் அவங்கப்பா வர்றாருன்னு, ஒரு நாள் தள்ளிப் போட முடியுமான்னு கேக்க வந்தானாம். அதுக்கு தான் அந்த விரல்.

காட்பாடி ஜங்ஷன்:
எனக்கு என்ன தப்பு பண்ணேன்னு ஞாபகம் இல்லன்னு மேல எழுதினேன்ல. ஒரு வேள ஞாபகம் வெச்சுக்க எதுவும் இருந்திருக்காது போல. என் ரோல் நம்பர் 7. அவ்ளோ தான் தப்பு போல.

அவன இவ்ளோ வருஷமா திட்டிகினு இருந்தேன். இனிமே திட்ட மாட்டேன்னு சொல்லல. ஆனா அவன் எந்த ரூம் வாசல்ல நின்னான்னு யோசிக்கறேன்.

கோர்ட்டு வாசல்:
ஹெட்மாஸ்டர் கிட்ட எழுத்துல குடுத்தீங்களா? வாய்வார்த்தை வேணாம். ரசீது வாங்குங்க.

பேர்ணாம்பட்டு அம்மா:
குடுத்தோம் சார். அவரு நல்லா பேசுனாரு, பாதி நேரம் வார்டன தான் பாத்துகினு இருந்தாரு. தண்டனை கட்டம் இனிமே கிடையாது, தெனம் நோட்ட காட்ட வேணாம், யாருக்காவது உடம்பு சரியில்லன்னா மட்டும் எழுதுன்னு சொல்லிட்டாரு. அது ஜவ்வாது டீச்சர் சொன்னத நான் அப்டியே ஒப்பிச்சது தான். எவ்ளோ நாள் நடக்கும்னு பாக்கணும். வார்டன் என்கூட பேசல.

இவன வீட்டுக்கு கூட்டிகினு வந்துடலாம்னு தான் அவரு சொன்னாரு. லீடராவது வேணாம்னு சொல்லிடுடான்னேன். "நான் விட்டா அடுத்தது அவன் தாம்மா, அவன் பெல்ட் எடுப்பான்"னு ஒரு பையன் பேர சொன்னான். முழு பரீட்சை வரைக்கும் இருக்கறேன்னான். சரின்னு விட்டுட்டு வந்திருக்கோம். தப்பா சரியா தெரியல.

பழைய நோட்ட கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன், பீரோல துணிக்கு அடியில இருக்கு. பஸ்ல ஒவ்வொரு பக்கமா படிச்சேன். ஆகஸ்ட் 17ல ரெண்டு பேரு தான் ரோல் நம்பர் வரிசையில இருக்கு, மூணாவதா அவன் பேரையே எழுதிருக்கான். குற்றம் கட்டம் காலி. தண்டனை, முட்டை கட். ஏன்டான்னு போன்ல கேட்டா "அன்னிக்கு நம்பர் வந்தவன் ஜுரத்துல படுத்திருந்தான்மா"ன்றான்.

பாலாத்து மணல்:
அக்கா எங்க லீடர் அண்ணன் மேல எனக்கு இப்போ கூட மரியாத தான். ஆனா இந்த ஆகஸ்ட் 17 பையன நான் பாக்கணும். ஆம்பூர் வந்தா சொல்லுங்க, பிரியாணி என் கணக்கு.

சதுப்பேரிகாரன்:
எல்லாம் சரி, அந்த முட்டை விஷயம் இன்னா ஆச்சுன்னு சொல்லவே இல்ல.

பேர்ணாம்பட்டு அம்மா:
நேத்து புதன்கிழமை. ராத்திரி போன் பண்ணான். எல்லாருக்கும் ஆளுக்கு ஒண்ணு வந்துச்சாம், லீடர்ங்க டேபிள்லயும் ஒண்ணு தான். மத்த நாலு லீடரும் இவன் கூட பேசலயாம்.